ரோலின் கடைசிப் படம்

பழைய நெகட்டிவ்களைக் கணினியில் பார்க்க ஒரு ஸ்கேனர் வாங்கலாம் என்று சேலத்தில் ஒரு கடைக்குப் போனேன். சோதித்துப் பார்ப்பதற்கு, கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று, அம்மாவின் அடக்கத்தன்று எடுத்த பிலிம் ரோலின் கடைசித் துண்டைக் கொண்டுபோனேன். ரோலை முடிப்பதற்காகப் புகைப்படக்காரர் கல்லறைத் தோட்டத்தில் எதையோ எடுத்திருந்தார். அதை நாங்கள் பிரிண்ட் போடவே இல்லை.

முதல் ஸ்கேனரில் வெறும் கறுப்புதான் தெரிந்தது.

"இதுக்கு மூடியில லைட் இல்லீங்கய்யா. நெகட்டிவுக்கு அது வேணுங்க" என்ற கடைப்பெண், வேறொன்றில் வைத்து பிரிவியூ பொத்தானைத் தட்டினாள். நெகட்டிவ் நிஜப் படமாக மாறித் திரையில் வந்தது.

அம்மாவின் குழி. எல்லோரும் பிடி மண் போட்டுவிட்டுப் போன பிறகு, ஒருவன் மட்டும் மண்டியிட்டு மண் போட்டுக்கொண்டிருந்தான். என் தம்பி.

அவன் அடக்கத்துக்கு வரவில்லை என்றுதான் இத்தனை வருடமாக அவனோடு நான் பேசவில்லை. "பஸ் லேட்டுண்ணா, எல்லாரும் போனப்புறம் வந்து மண்ணு போட்டேன்" என்று அன்றே வீட்டுக்கு வந்து சொன்னான். "அம்மா சாவுலயுமா பொய் சொல்ற?" என்று உறவினர் முன்னால் அவனை விரட்டினேன்.

"இதையே எடுத்துக்கிறீங்களாய்யா?" என்றாள் அந்தப் பெண். நெகட்டிவ் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்து, ஆத்தூரில் இருக்கும் தம்பியை அழைத்தேன். "அன்னைக்கு நீ வந்திருக்கடா. போட்டோவுல பார்த்தேன்" என்றேன்.

"போட்டோ சொன்னாத்தான் நம்புவீங்களாண்ணா?" என்றான்.

ஆமாம் என்பதுதான் உண்மை. அதை அவனிடம் சொல்ல அன்று எனக்குத் துணிவில்லை, இங்கே எழுதுகிறேன்.