மாமா மகன் பெயரில் ஓடிய மின்சுற்று

அந்தக் கணினி விளையாட்டில் வெற்றி தோல்வி கிடையாது. மணல், தண்ணீர், நெருப்பு, உலோகம் எல்லாம் புள்ளிபுள்ளியாகக் கிடக்கும், வேண்டியதைக் கட்டிக்கொள்ளலாம். மற்றவர்கள் எரிமலை கட்டினார்கள். நான் மின்சுற்று கட்டினேன். ஹட்டனில் போட்டோகாப்பி கடை வேலை முடிந்து தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் பழைய மடிக்கணினியைத் திறந்துவிடுவேன்.

இரண்டு எண்களைக் கூட்டும் சுற்று ஒன்றைச் செய்தேன். ஆமை வேகம். மின்பொறி கடந்துபோன உலோகப் புள்ளி, சற்று இளைப்பாறித்தான் அடுத்த பொறியை வாங்கும். அதைத் தவிர்க்க மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். திரைக்காட்சி ஒவ்வொரு முறை மாறும்போதும் விளையாட்டு எல்லாப் புள்ளிகளையும் ஒரு வரிசைப்படி, ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடுகிறது என்பது கடைசியில் பிடிபட்டது. அந்த வரிசைக்கு ஏற்றபடி புள்ளிகளை அடுக்கினேன். பல காட்சிகள் எடுத்த கூட்டல் ஒரே காட்சிக்குள் முடிந்தது. நான் போட்ட சத்தத்தில், "அட்டை கடிச்சிருச்சா?" என்று அம்மா ஓடி வந்தார்.

மாமா மகனிடம்தான் முதலில் காட்டினேன். தலவாக்கலையில் போன் திருத்தும் கடையில் இருந்தார். எங்கள் இருவருக்கும் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

அடுத்த வாரம் அந்த விளையாட்டின் இணையதளத்தில் என் சுற்று முதல் பக்கத்தில் இருந்தது. அவர் பெயரில். எந்தெந்த நாட்டிலிருந்தோ பாராட்டு. ஒவ்வொருவருக்கும் நன்றி வேறு சொல்லியிருந்தார்.

பஸ் ஏறி நேரே அவர் கடைக்குப் போனேன்.

"இது யாரு செஞ்சது மச்சான்?"

"ஏன் கத்துற? ஆளுங்க இருக்காங்க. கல்யாணம் ஆனா ஒன்னோடது என்னோடதுதானே?"

"அப்ப ஏன் என் பேரு இல்ல?"

"பொம்பளப் புள்ள பேரப் போட்டா எவன் நம்புவான்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சில நாள் கழித்து அவரே போன் செய்தார். "அந்த வரிச விசயத்த கொஞ்சம் சொல்லேன். எப்புடி வேல செய்யுதுன்னு கேக்குறாங்க."

"ஒங்க சுற்றுதானே? நீங்களே சொல்லுங்க."

தளத்தில் கேட்டவர்களுக்கு விளக்கத் தெரியாமல் பதிவை அழித்துவிட்டார். என் பெயரில் நான் அதைப் போட்டேன். கீழே விழுந்த முதல் கருத்து: இது திருட்டு, ஏற்கெனவே வேறொருவர் போட்டது. என் கையால் அடுக்கிய புள்ளிகளுக்கு நானே திருடி! உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சம்பந்தம் வேண்டாம் என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வெளையாட்டுக்காகவா?"

"நீங்க பறிச்ச கொழுந்த அடுத்தவ பேருல தராசுல நிறுத்தா சும்மா இருப்பீங்களாம்மா?"

மாமா வந்தபோது, "புள்ளைக்கு இஷ்டமில்லண்ணே" என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

பிறகு பெருக்கல் சுற்று ஒன்று செய்தேன். அதுவும் ஒரே காட்சிக்குள் முடியும். ஒவ்வொரு புள்ளியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதிப் போட்டேன். யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டல் சுற்றின் கீழே அந்தக் கருத்து இன்னும் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எரிகிறது.