‘காட்டே நா’ என்றொரு புகார்

சோலார் வேலைக்கு வருவதற்கு முன் நான் மோட்டார் எலக்ட்ரீஷியன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அடித்த கூத்துக்கெல்லாம் இதுதான் மூலம். அப்பாவுக்குக் கல்கத்தா துறைமுகத்தில் உத்தியோகம். எனக்குப் படிப்பு ஏறவில்லை. அலிப்பூரில் ஒரு ஷெட்டில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் டாக்சிக்கும் லாரிக்கும் ஒயரிங் பார்த்தேன். வண்டி ஒயரிங்கில் ஒரு சௌகரியம் உண்டு. சிவப்பு ஒயர் மட்டும்தான் ஃபியூஸ், சுவிட்ச் என்று சுற்றிக்கொண்டு வரும். கருப்பை எங்கே பக்கமோ அங்கே வண்டியின் பாடியில் முடுக்கிவிடலாம். பாடி முழுக்க பேட்டரியின் மைனஸ்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ராமசேஷன் சார் வீட்டு சோலார் கம்பெனி ஒன்றை ஆரம்பித்து என்னைக் கூப்பிட்டார். “பன்னெண்டு வோல்ட்தானேய்யா, உனக்குத் தெரியாததா?” என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

1. முதல் வீடு

டாலிகஞ்சில் ஒரு காலனி வீடு. ரேகா என்ற தையற்காரப் பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும். அங்கே அக்காவை ‘திதி’ என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை ‘மிஸ்திரி’ என்றார், ரிப்பேர்க்காரன் என்று அர்த்தம். கால் மிஷின் வைத்து பிளவுஸ் தைப்பவர். மிஷினுக்குக் கரண்ட் வேண்டாம், கண்ணுக்குத்தான் வேண்டும். தினமும் சாயங்காலம் லோட்ஷெட்டிங் என்று கரண்டை நிறுத்திவிடுவார்கள். துர்கா பூஜைக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதத் தையல்தான் அவருக்கு வருடம் முழுக்கச் சோறு. பூஜைக்குள் பிளவுஸ் தரவில்லை என்றால் அடுத்த வருடம் ஒருவரும் அந்த வாசலுக்கு வரமாட்டார்கள்.

முப்பத்தேழு வாட் பேனல் ஒன்றை மாடியில் மாட்டினேன். ஜன்னலுக்குக் கீழே பேட்டரி, எதிர்ச் சுவரில் கன்ட்ரோலர், மிஷினுக்கு மேலே ஒன்றும் சமையலறையில் ஒன்றுமாக இரண்டு விளக்கு. கன்ட்ரோலர் என்பது கைக்கடக்கமான ஒரு பெட்டி. பேட்டரி நிறைந்தால் பேனலை நிறுத்தும். பேட்டரி ரொம்ப இறங்கினால் சிவப்பு லைட் காட்டி விளக்கைத் துண்டிக்கும். துண்டிக்காவிட்டால் பேட்டரி வற்றிச் செத்துப்போகும்.

வேலை சுத்தமாக வந்தது. பேட்டரி பிளஸ்ஸை ஒட்டியே ஃபியூஸ் வைத்தேன். எங்கே ஷார்ட் ஆனாலும் ஒயர் எரியாது. விளக்கு போட்டுக் காட்டியதும் திதி எனக்கு இரண்டு சந்தேஷ் இனிப்பு கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

2. புகழ்மாலை

மூன்று வாரம் கழித்து சர்வீசுக்குப் போனேன். “மிஸ்திரி, உன் லைட் ஏக்தம் காட்டே நா!” என்றார் திதி. துளிகூட கட் ஆவதில்லை என்று அர்த்தம். மழைக்காலம், பேனலில் பாதி நாள் வெயிலே இல்லை, ஆனாலும் தினம் ஐந்து மணி நேரம் இரண்டு விளக்கும் எரிகிறதாம். பக்கத்துத் தெருவில் வேறு யாரோ மாட்டிய சோலார் இரண்டே மணி நேரத்தில் நின்றுவிடுகிறதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் சொன்னேன், வீட்டிலும் அப்படியே சொல்லிக் காட்டினேன்.

அம்மா திருநெல்வேலிக்காரி. இருபது வருடமாகியும் காய் வாங்கும் அளவுக்குத்தான் வங்காளம். “‘காட்டேண்ணா’ங்காளா? என்னத்தல காட்டணுமாம் அவளுக்கு?” என்றாள். விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்த வாரமே பேட்டரி செத்தது.

3. ஒன்றும் புரியவில்லை

பேட்டரி ஆசிட்டில் சார்ஜ் பார்க்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். மிதவை அடியிலேயே உட்கார்ந்துகொண்டது, துளி சார்ஜ் இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது, ஒயர் நன்றாக இருந்தது, பேனல் நன்றாகக் கொடுத்தது. ராமசேஷன் சார் மட்டமான பேட்டரி என்று முடிவு கட்டி வேறு ஒன்று கொடுத்தார். புதியதும் பத்தே நாளில் தொய்ய ஆரம்பித்தது.

அன்று போனபோது கன்ட்ரோலரில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. அதாவது, பேட்டரி காலி, விளக்கைத் துண்டித்துவிட்டேன் என்கிறது பெட்டி. மேலே பார்த்தால் விளக்கு ஜம்மென்று எரிகிறது. எதை நம்புவது? பெட்டிதான் புளுகுகிறது என்று கழற்றி எங்கள் கம்பெனி ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மேஜையில் ஒரு விளக்கை மாட்டி வோல்ட்டைக் குறைத்தேன். டக்கென்று துண்டித்தது. திரும்பக் கொண்டுவந்து திதி வீட்டில் மாட்டினால் துண்டிக்கவில்லை. புதுப் பெட்டி மாட்டினேன். அதுவும் ஷெட்டில் யோக்கியன், இந்த வீட்டில் அயோக்கியன். வீட்டுக்கு ஏதாவது தோஷமா என்றுகூட யோசித்தேன். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

“இதோ பாருய்யா, மூணாவது பேட்டரி கிடையாது. இதுவும் போச்சுன்னா சிஸ்டத்தைக் கழட்டிண்டு வந்துடு. நீயும் பழைய ஷெட்டுக்கே போயிடு” என்றார் சார்.

பூஜைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. திதியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மடித்து வைத்திருந்த துணிகளைப் பார்த்து, “இதையெல்லாம் லாந்தர்ல தைச்சா என் கண்ணு என்னத்துக்கு ஆகும், மிஸ்திரி?” என்று மட்டும் கேட்டார்.

4. உள்ளே போகாத கருப்பு

மறுநாள் பகலில் போய், தரையில் உட்கார்ந்து ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தேன். திதி மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கட்டுமா? சிவப்பு பெட்டிக்குள்ள போய்ட்டு விளக்குக்கு வருது. கருப்பு ஏன் பெட்டிக்குள்ள போகல? நேரா பேட்டரிக்கு வந்துடுச்சே?”

“கருப்புக்கு அது போதும் திதி. மைனஸ் எல்லாம் ஒண்ணுதான். பேட்டரி பக்கத்துல இருந்துச்சு, ஒயர் மிச்சம்.”

“நாடாவை ஒரு பக்கம் மட்டும் கோத்தா பாவாடை இடுப்புல நிக்குமா?”

பெட்டியில் அப்போதும் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. மீட்டரை எடுத்து, விளக்கு ஒயர் இரண்டையும் கழற்றிவிட்டு, பெட்டியில் பேட்டரி மைனஸுக்கும் விளக்கு மைனஸுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். தொடர்பே இல்லை. பிளஸ் இரண்டும் உள்ளே ஒன்றாகவே இருந்தன. அந்தப் பெட்டி விளக்கைத் துண்டிப்பது சிவப்பில் அல்ல, கருப்பில்! நான் கருப்பைப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோய்விட்டேன். பெட்டி தன் பாட்டுக்குத் துண்டித்துக்கொண்டிருந்தது. விளக்கு தன் பாட்டுக்குப் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஷெட் மேஜையில் இரண்டு ஒயரையும் பெட்டியிலேயே மாட்டியதால் அங்கே மட்டும் ஒழுங்காக நடந்தது. பன்னிரண்டு வருட மோட்டார் பழக்கம் இரண்டு பேட்டரியைக் கடித்துவிட்டது. அவமானமாக இருந்தது. நாலு முழம் கருப்பு ஒயர் வாங்கி வந்து பெட்டி வழியாக இழுத்தேன்.

5. கட் ஆனது

மறுநாள் சாயங்காலம் சரிபார்க்கப் போனேன். பகல் முழுக்க மேகம். திதி கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டிருந்தார். ஏழரை மணி வாக்கில் டக்கென்று இரண்டு விளக்கும் அணைந்தன. இருட்டில் கன்ட்ரோலரின் சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. நான் என்னை மறந்து கைதட்டினேன்.

“பைத்தியமா உனக்கு?” என்று இருட்டிலிருந்து திதியின் குரல் வந்தது. “நாளைக்கு நாலு பிளவுஸ் குடுக்கணும். லைட் போச்சு, நீ கை தட்டுற?”

“இப்பதான் திதி சரியா வேலை செய்யுது.”

“எரிஞ்சப்ப கெட்டுப் போயிருந்துச்சு, அணைஞ்சப்ப சரியாயிடுச்சா?”

“ஆமா திதி.”

திதி தடவி லாந்தரை எடுத்தார். “அப்ப நான் மூணு வாரத்துலயே உன்கிட்ட சொன்னேனே, காட்டே நா, காட்டே நான்னு. நீ பல்லைக் காட்டிட்டுப் போயிட்ட.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது புகழ் இல்லை, கோளாறு. சொன்னவருக்கும் தெரியாது, கேட்ட எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று லாந்தர் வெளிச்சத்தில் அவர் தைக்க, நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாளிலிருந்து சமையலறை விளக்கை அணைத்து வைத்து, தையலுக்கு மட்டும் விளக்கை ஓட்டினார். பூஜைக்குள் எல்லா பிளவுஸும் போய்ச் சேர்ந்தன. அந்தப் பேட்டரி பிழைத்து நாலு வருடம் ஓடியது. என் வேலையும் பிழைத்தது.

இப்போது பேனல் மாட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் வையுங்கள். விளக்குக்குப் போகும் இரண்டு ஒயரும் கன்ட்ரோலரிலிருந்தே கிளம்பட்டும், எவ்வளவு சுற்றானாலும். வேலை முடிந்ததும் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அணைகிறதா என்றும் பாருங்கள். வாடிக்கையாளர் ரொம்பப் புகழ்ந்தால் சந்தேஷைக் கீழே வைத்துவிட்டு மீட்டரை எடுங்கள்.

அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “நாந்தான் அப்பவே கேட்டேனல. அவ காட்டிக்கிட்டுத்தான இருந்திருக்கா” என்றாள்.