ஐந்தாவது கட்டம்

அது ஒரு நாள்காட்டித் தாள். முன்பக்கத்தில் மை விலகி, முருகன் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் மங்கலாக விழுந்திருக்கும். சிவகாசி அச்சகத்தில் அப்படிக் கழித்துப் போடும் தாள்களை மதினி வீட்டுக்குக் கொண்டுவருவாள். இந்தத் தாளின் பின்பக்கம் பென்சிலால் கட்டங்கள் போட்டுக் கோடு இழுத்திருக்கிறாள். மேலே தொடக்கம், அதிலிருந்து ஒன்று முதல் நான்கு வரை எண் போட்ட கட்டங்கள் பிரிகின்றன. நான்கிலிருந்தும் இறங்கும் கோடுகள் எதுவும் எழுதாத ஐந்தாவது கட்டத்தில் சேர்கின்றன. என் அலமாரியில் சான்றிதழ்களுக்கு அடியில் அதை வைத்திருக்கிறேன்.

மதினி என் அத்தை மகள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் விருதுநகரில் பொறியியல் படித்தபோது அவள் அச்சகத்தில் கணினி முன் உட்கார்ந்து காலண்டர் பக்கங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். ஆமத்தூரில் இரண்டு தெரு தள்ளி வீடு. அத்தை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு வேனில் போய்வந்தவள். மதினிக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது அங்கே பிடித்த தீயில் இறந்துபோனாள். அன்று காலை அத்தைக்குக் காய்ச்சல். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தபோது, "போகட்டுமா, வேண்டாமா?" என்று மகளிடம் கேட்டிருக்கிறாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போம்மா, வேன் நிக்குதுல்ல" என்றிருக்கிறாள். இதை மதினி என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் படங்களைப் பார்ப்போம். இணைய மையத்தில் பதிந்து வாங்கிய குறுந்தகடுகள். கீழே ஓடும் ஆங்கில வரிகளை மதினிக்கு நான் தமிழில் சொல்வேன். அப்படித்தான் விஷுவல் நாவலும் எங்களுக்கு அறிமுகமானது. திரையில் ஒரு படம் நிற்கும். அதன் கீழே வரி வரியாகக் கதை வரும். ஓரிடத்தில் கதை நின்று, இப்போது என்ன செய்வாய் என்று நம்மைக் கேட்கும். நாம் அழுத்தும் பொத்தானைப் பொறுத்து வழி மாறும். முடிவுக்குப் போய், மறுபடி முதலிலிருந்து வந்து, வேறு வழியில் போகலாம். ஒரு கதையை இரண்டு மாதம் வாசித்தோம். பிறகு அதே கதை அனிமேயாக வந்ததைத் தேடிப் பிடித்துப் பார்த்தால் பன்னிரண்டு பாகத்தில் சப்பென்று முடிந்துவிட்டது.

"கடைசிப் பந்தி மாதிரில்ல இருக்கு. சோறு, கொழம்பு, பாயாசம் எல்லாத்தயும் ஒரே நேரத்துல எலையில கொட்டிட்டு எந்திரிங்கன்னா எப்படி?" என்றாள் மதினி.

எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு நிம்மதி. ஏன் இவற்றை அனிமேயாக எடுப்பது கடினம் என்று நோட்டில் ஏழு காரணங்கள் எழுதினேன். பல வழிகளில் ஒன்றைத்தான் எடுக்க முடியும், எல்லாவற்றையும் சேர்த்தால் எதுவும் நிற்காது. நாயகனுக்கு முகம் கிடையாது, ஏனென்றால் அவன் நாம்தான். படத்தில் அவனுக்கு ஒரு முகம் வரைந்தாக வேண்டும். நின்ற படத்தை நாம் வேண்டிய மட்டும் பார்க்கலாம், ஓடும் படம் இரண்டு நொடி தரும். இப்படியே போயிற்று. மதினி வாசித்துவிட்டுச் சிரித்தாள். "ஏழு எழுதிருக்க, கைய விட்டுட்டியே புள்ள. பொத்தான அமுக்குனது நம்ம கை. அந்தப் பாவத்துல நமக்கும் பங்கு இருக்கு. படத்துல எவனோ அமுக்குறான், நாம வேடிக்கதான பாக்குறோம்."

அடுத்த ஆண்டு மதினி தானே ஒன்று செய்தாள். அதற்கான மென்பொருளில் தமிழ் எழுத்து உடைந்து உடைந்து வந்ததால், ஒவ்வொரு வரியையும் படமாக மாற்றி ஒட்டினாள். முதல் படத்தில் வாசலில் அம்மா நிற்கிறாள். வேன் ஹாரன். "போகட்டுமா, வேண்டாமா?" போ, போகாதே என்று இரண்டு பொத்தான்கள். இரண்டு வழியும் பிறகு இரண்டிரண்டாகப் பிரியும். நாள்காட்டித் தாளில் இருந்தது அந்தக் கதையின் வரைபடம்தான்.

கல்லூரி விழாவுக்கு நான் ஒரு அசைபடம் செய்ய வேண்டியிருந்தது. கதையைக் கேட்டேன். தாளையும் குறுந்தகட்டையும் கொடுத்து, "எல்லா வழியிலயும் போய்ப் பாத்துட்டு எடு" என்றாள். தேர்வு நெருங்கியிருந்தது. 'போ' என்ற வழியில் ஒருமுறை போனேன். இன்னொன்றைப் பாதியில் விட்டேன். மற்றதைத் தாளில் பார்த்துக்கொண்டேன். வெற்றுக் கட்டம் இன்னும் எழுதி முடிக்காததாக இருக்கும் என்று முடிவுகட்டினேன். சோகமான வழிதான் எட்டு நிமிடத்துக்குப் பொருந்தும் என்று கணக்குப் போட்டேன். வாசலில் நிற்கும் அம்மாவுக்கு மதினி வரைந்திருந்த வெளுத்த பருத்திச் சேலை புரொஜெக்டரில் சுவரோடு சுவராகக் கரைந்தது. அதை ரோஸ் நிறப் பூனம் சேலையாக மாற்றினேன்.

விழா அன்று மதினி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் தெருப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். படத்தில் மகள் "போம்மா" என்றாள். தாய் உள்ளே போய்ப் பருத்திச் சேலை மாற்றிக்கொண்டு வேன் ஏறினாள். சேலை மாற்றும் காட்சி நானே சேர்த்தது. உராய்ந்தால் பொறி வரும் என்று பூனம் மாதிரி செயற்கை இழைச் சேலையோடு பட்டாசு ஆலைக்குள் விடமாட்டார்கள், பருத்திதான் கட்ட வேண்டும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

படம் முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அவ வீட்டுச் சேலையிலதான இருந்தா. போற நெனப்பே இல்ல பாவம். மகதான் அனுப்பி வச்சிருக்கா." இன்னொருத்தி "ஏ, மெல்லப் பேசு" என்று அதட்டினாள். தெருப் பெண்களின் பார்வை மூன்றாவது வரிசைக்குப் போனதை நான் மேடையோரத்தில் நின்று பார்த்தேன்.

வெளியே மரத்தடியில் மதினி காத்திருந்தாள். திட்டவில்லை. "ஏ புள்ள, அஞ்சாவதுக்கு நீ போனியா?" என்று மட்டும் கேட்டாள்.

"போனேன் மதினி. நேரம் பத்தல, அதான் சேக்கல."

"சரி, பஸ் வருது" என்றாள். ஆமத்தூர் வரும்வரை சன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

படிப்பு முடிந்து விடுதி அறையைக் காலி செய்த நாளில் அந்தக் குறுந்தகடு கிடைத்தது. அன்றுதான் உட்கார்ந்து நான்கு வழிகளிலும் போனேன். 'போகாதே' என்றால் அம்மா மறுநாள் போகிறாள், அல்லது அவள் இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி போகிறாள். எந்த வழியிலும் வேன் வருகிறது. ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தியது நான். நான்காவது முடிந்ததும் தானாக ஐந்தாவது திறந்தது. அதில் பொத்தான் இல்லை. அதே அம்மா காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். கீழே ஒரே வரி: "கேக்குறப்பவே சேலய மாத்திட்டுத்தான் நின்னேன், நீ பாக்கலயா தாயி?"

முதல் படத்துக்குத் திரும்பிப் போனேன். வாசலில் நின்று போகட்டுமா என்று கேட்பவள் பருத்திச் சேலையில்தான் நிற்கிறாள். மகள் பதில் சொல்லுமுன்பே ஆலைக்குப் போகக் கிளம்பித்தான் நின்றிருக்கிறாள். மதினி நான்கு வழியும் நடந்து தனக்குத் தேடிக்கொண்ட ஒரே ஆறுதல் அந்தச் சேலை. அதன்மேல்தான் நான் ரோஸ் நிறத்தைப் பூசினேன். வாசித்துவிட்டேன், நேரம் போதாமல் விட்டுவிட்டேன் என்று வேறு சொன்னேன். வாசித்த பிறகும் ஒருத்தி அதை விட முடியும் என்றால், அந்த ஆறுதலுக்கு என்ன மதிப்பு என்று அவள் நினைத்திருப்பாள்?

இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு நிரலின் எல்லா வழிகளிலும் போய்ப் பார்க்காமல் சரி என்று கையெழுத்திடக் கூடாது என்று புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்கிறேன். சொல்லும்போது தாள் நினைவுக்கு வரும். மதினி கல்யாணமாகிக் கோவில்பட்டியில் இருக்கிறாள். விசேஷ வீடுகளில் பார்க்கும்போது "சாப்டியா புள்ள" என்கிறாள். அந்தப் படத்தைப் பற்றி அவள் பேசியதே இல்லை. நானும் பேசியதில்லை.

நேற்று தாளை எடுத்து விரித்தேன். மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கிறது. ஐந்தாவது கட்டத்தில் பென்சிலால் எழுதினேன்: "அன்னைக்கு நான் இங்கன வரல மதினி. பொய் சொன்னேன்." கோவில்பட்டி முகவரி எழுதிய உறை மேசையில் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் தபால்பெட்டிக்குப் போக வேண்டும்.