என் பெயரில் படுத்திருந்தவன்

எங்கள் பள்ளியில் ஒரே விளையாட்டுக்கு இரண்டு பெயர். தெற்கேயிருந்து வந்த குடும்பத்துப் பையன்கள் கிட்டிப்புள் என்பார்கள், உள்ளூர்க்காரர்கள் கில்லி என்பார்கள். எந்தப் பெயர் சரி என்ற சண்டையிலேயே பாதி இடைவேளை போய்விடும். நிலக்கரி தோண்ட எல்லா ஜில்லாக்காரர்களும் வந்து சேர்ந்த ஊர், வேறெப்படி இருக்கும்?

ஏழாம் வகுப்பில், ஒரு மத்தியான இடைவேளையில் நான் அடித்த கில்லி என் சிநேகிதனின் இடது கண்ணில் பாய்ந்தது. வேண்டுமென்று அடிக்கவில்லை. ஆனால் அதற்குமுன் மூன்று முறை கேட்ச் பிடித்து என்னை அவுட்டாக்கியிருந்தான். அந்தக் கடுப்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டித்தான் அடித்தேன்.

பள்ளி வாட்ச்மேன் அவனை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்தார். விழாமல் பிடித்துக்கொள்ள நானும் கூடவே ஓடினேன். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் எங்களை விட்டுவிட்டு, ஹெட்மாஸ்டரிடம் சொல்ல அவர் திரும்பிப் போனார்.

என் அப்பா மைன்ஸில் பர்மனென்ட். அவன் அப்பா கான்ட்ராக்ட், மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. கான்ட்ராக்ட் பிள்ளைகளை இந்தக் கம்பெனி ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அது நிஜமா என்று எந்தப் பெரியவரிடமும் கேட்டதில்லை. கவுண்டரில் அவன் பெயரைக் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன். என் அப்பா பெயர், குவார்ட்டர்ஸ் நம்பர், எல்லாவற்றையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். என்ன சாமர்த்தியம்! அவனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன், முட்டாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, உடனே ஆபரேஷன் செய்தால்தான் கண் பிழைக்கும், அப்பாவின் கையெழுத்து வேண்டும், மைன்ஸுக்கு ஆள் அனுப்புங்கள் என்றார். மைன்ஸுக்குள் இறங்கியவரைத் தேடிப் பிடிக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அவன் அம்மா ஓடி வந்தார். காலில் செருப்பில்லை.

“எம்புள்ளைய இங்கதான் இட்டுகினு வந்தாங்களாம்” என்று அவன் பெயரைச் சொன்னார்.

கவுண்டர்காரர் நோட்டைப் பார்த்தார். “அந்தப் பேர்ல யாரும் வரலியேம்மா.”

“கண்ணுல அடிபட்டுச்சுங்க.”

“கண்ணுல அடிபட்ட பையன் ஒருத்தன் இருக்கான். அவன் குவார்ட்டர்ஸ் பையன். உங்க பையன வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பாங்க.”

நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சொன்னால் அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் கையெழுத்துப் போடக்கூடிய அவன் அம்மா போய்விடுவார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தூணோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். அவர் வந்த வேகத்திலேயே தெருவுக்கு ஓடினார்.

அப்பா வந்து சேர நாலு மணியாகிவிட்டது. உடம்பெல்லாம் புழுதி. இரண்டு கண்ணோடும் முழுசாக நிற்கிற என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் உண்மையைக் கக்கினேன். ஓங்கி ஓர் அறை விட்டார். டாக்டரிடம் ஓடினார். பெற்றவர்கள் வர வேண்டும் என்றதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போனார்.

பொழுது சாய்ந்த பிறகுதான் அந்த அம்மாவைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். டாக்டர் அவரிடம் மெதுவாகத்தான் பேசினார்.

“மத்தியானமே வந்திருந்தா கண்ணக் காப்பாத்தியிருக்கலாம்மா.”

அவர் கைகளைக் கூப்பிக்கொண்டு, தப்பு செய்தவர் மாதிரி நின்றார்.

“வந்தேனுங்க” என்றார். “மத்தியானமே வந்தேனுங்க.”