முட்டை அவிக்க ஏழு ஜெபம்

என் அப்பா ஞானசிங் அவித்துக் கொடுத்த முட்டை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரே ஒரு தடவைதான் புகார் வந்தது. அந்த முட்டையை அவித்ததும் அவர் இல்லை.

தக்கலைக்கு மேற்கே எட்டுக் கட்டில் போட்ட சின்ன ஆசுபத்திரி ஒன்று. அதில் அப்பா இருபத்திரண்டு வருஷம் சமையல்காரர். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை வைப்பவர். நான் திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்து வந்தபோது, “ஞானசிங்குக்கு மகன் பேரு வாங்கிக் குடுத்திட்டான்” என்று ஊரில் சொன்னார்கள். அது சரியில்லை. அந்தப் பேர் எனக்கு முன்னாலேயே இருந்தது.

டாக்டர் சீட்டில் ‘முட்டை ஒன்று’ என்று மட்டும்தான் எழுதுவார். எப்படிக் கொடுப்பது என்பது அப்பாவின் பாடு. வயிற்றுக்கடுப்புக்காரனுக்கு மஞ்சள் கருவே கிடையாது. வெள்ளைக் கருவைத் தண்ணீரில் அடித்து, துணியில் வடித்து, சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுப்பார். பேச்சிப்பாறை மலையிலிருந்து குளிர்காய்ச்சலோடு வருகிற கூலியாட்கள் தாரா முட்டை, அதாவது வாத்து முட்டை, கேட்பார்கள். “நடந்து வேலைக்குப் போற அன்னைக்குத் தின்னும் வே, கட்டிலுல கெடக்கும்போ அது இறங்காது” என்பார். எண்ணெயில் பொரித்த முட்டை வார்டுக்குள் நுழைந்ததே இல்லை. யார் ஏப்பம் விட்டார்கள், யார் விடவில்லை என்று சாயங்காலம் கட்டில் கட்டிலாகக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

ஆசுபத்திரியில் இருந்த ஒரே கடிகாரம் டாக்டர் அறைச் சுவரில். அடுப்படியிலிருந்து அது தெரியாது. ஆகவே அப்பா, ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கும் பரமண்டல ஜெபத்தை வைத்து நேரம் பார்ப்பார். தண்ணீர் கொதித்ததும் முட்டையை இறக்கி, ஏழு தடவை ஜெபம் சொல்லி முடித்ததும் கோரி எடுத்துவிடுவார். இறக்கத்தில் ஓடும் வண்டிமாட்டு வேகத்தில் வாய்க்குள் சொல்லுவார்.

1932 ஆனியில், திற்பரப்பில் அத்தை மகள் கல்யாணத்துக்காக அப்பா மூன்று நாள் லீவு எடுத்தார். அடுப்படியை வார்டு ஆள் ஜான்ரோசிடம் ஒப்படைத்தார். ஜான்ரோஸ் நல்ல மனிதர். வேதக்கோயிலில் அவர் ஜெபம் பண்ண எழுந்தால் பிள்ளைகள் தூங்கிவிடும். போகும்போது அப்பா, “முட்டைக்கு ஏழு ஜெபம், மறந்திராத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை திரும்பி வந்தவரை வார்டு வாசலிலேயே ஜமீலா பீவி மறித்தாள். அவள் கணவர் ஹசன், குளச்சலில் கருவாட்டு வியாபாரி. இருபத்தொரு நாள் விஷக்காய்ச்சல் கிடந்து எழுந்தவர். அப்பா போகும்வரை தினம் ஒரு முட்டை தின்று தேறிக்கொண்டிருந்தார். இப்போது வயிறு பறைபோல உப்பி, வலியில் முனகிக்கொண்டிருந்தார்.

“உங்க முட்டையும் வேண்டாம், ஆசுபத்திரியும் வேண்டாம். வியாழக்கிழமை காலையில வண்டி வருது. எனக்க மாப்பிளய நான் கொண்டு போறேன்.”

“இந்த வயித்தோட ஏழெட்டு மைலு குலுங்கினா குடலு தாங்குமா தங்கச்சி?”

“இங்க கெடந்து உப்பிச் சாகுறதுக்கு, வீட்டுல சாவட்டும்.”

டாக்டரும் ‘முட்டை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்து’ என்று எழுதிவிட்டார். அப்பாவுக்கு அதுதான் உறுத்தியது. வெறும் கஞ்சியில் கிடந்தால் ஹசன் எழுந்து நிற்க மாட்டார். “நாலு நாளு எனக்க கையால தின்னாரு. ஒரு ஏப்பம் வரல்ல. ஆளு அதே ஆளு, கோழியும் அதே கோழி. பின்னே மாறினது என்ன?” என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனார்.

“ஏலே ஜான்ரோசு, எப்படி அவிச்ச?”

“நீங்க சொன்னபடிதான் மாமா, ஏழு ஜெபம். ஒண்ணு குறைஞ்சிருந்தா எனக்க நாக்கு அழுகட்டும்.”

“செரி, எனக்க முன்னால ஒண்ணு அவி. பாப்போம்.”

ஜான்ரோஸ் கொதிக்கும் தண்ணீரில் முட்டையை இறக்கினார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக் கண்ணை மூடினார். ஒவ்வொரு சொல்லாக, உருகி உருகி ஜெபம் சொன்னார். ஒரு ஜெபம் முடிந்ததும் முதல் கட்டில் நோயாளிக்காகத் தனியாக ஒரு விண்ணப்பம். அடுத்ததற்குப் பிறகு இரண்டாம் கட்டில். பிறகு டாக்டருக்கு, டாக்டரின் சம்சாரத்துக்கு. ஏழாவது முடிந்தபோது சட்டியில் தண்ணீர் பாதி வற்றியிருந்தது.

அப்பா முட்டையை உடைத்தார். வெள்ளை ரப்பர் போல இருந்தது. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம். உள்ளே சுண்ணாம்புப் பொடி.

“ஏலே மக்கா, உனக்க ஜெபம் மோட்சத்துல போய்ச் சேந்திருக்கும். முட்டை ஹசனுக்க வயித்துல கல்லாக் கெடக்கு.”

“அப்ப ஓட்டமா ஜெபிக்கச் சொல்லுதீங்களா மாமா? பாவமில்லியா?”

“கொதிவெள்ளத்துக்க முன்னால நிக்கியவன்கிட்ட கர்த்தர் கணக்குப் பாக்க மாட்டாருலே.”

ஜான்ரோஸ் அழுதுவிட்டார். அப்பா அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு நேரே டாக்டரிடம் போனார். “தப்பு எனக்குள்ளது. எண்ணிக்கையச் சொல்லிக் குடுத்தேன், வேகத்தச் சொல்லிக் குடுக்கல்ல. இன்னொரு தடவ முட்டை குடுக்க விடணும்” என்றார். ‘தப்பு எனக்குள்ளது’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தைரியம் வேண்டும். படித்தவர்கள் பலரிடம் நான் அதைப் பார்த்ததில்லை. டாக்டர் ஹசனின் சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். “வயிறு இறங்கட்டும். பிறகு, அந்த அம்மா சம்மதித்தால் கொடு” என்றார்.

செவ்வாய் முழுக்கச் சுக்கும் சீரகமும் தட்டிப் போட்ட வெந்நீரும் வடித்த கஞ்சித் தெளிவும்தான். இருட்டுவதற்குள் வயிறு தளர்ந்துவிட்டது. புதன்கிழமை காலையில் அப்பா ஜமீலா பீவியை அடுப்படிக்குக் கூப்பிட்டார். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் இரண்டு முட்டை. ஒன்று ஜான்ரோஸ் பதம், ஒன்று தன் பதம்.

“நீயே தொட்டுப் பாரு.”

அவள் விரலால் அமுக்கிப் பார்த்தாள். ஒன்று அசையவில்லை. மற்றதில் வெள்ளை இளநீர் வழுக்கை போல நடுங்கியது, மஞ்சள் தேன் மாதிரி ஒழுகியது.

“இந்தக் கல்லையா அவருக்குக் குடுத்தீங்க?”

“ஆமா, அதத்தான் குடுத்தோம். இனி இது. நீயே ஊட்டு. ஒரு கரண்டி குடுத்து, பொறுத்து, அடுத்த கரண்டி.”

அவள் அப்பாவை ஒருமுறை பார்த்தாள். சிரட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஹசன் கட்டிலருகே நாலு தடவை போய், ஒன்றும் கேட்காமல் திரும்பினார். மாலையில் ஹசனே குரல் கொடுத்தார்: “ஏட்டி ஜமீலா, முட்டை ஒண்ணுதானா? எனக்குப் பசிக்குது.”

வியாழக்கிழமை விடிந்ததும் வண்டி வந்துவிட்டது. நோயாளியைப் படுக்க வைக்க வைக்கோல் பரப்பியிருந்தான் வண்டிக்காரன். ஜமீலா பீவி வாசலில் நின்று சொன்னாள்: “இப்ப போயிட்டு அடுத்த வியாழக்கிழமை வாரும். வைக்கோல் வேண்டாம். அவரு உக்காந்து வருவாரு.”

அடுத்த வியாழக்கிழமை ஹசன், வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்துதான் குளச்சலுக்குப் போனார்.