கமிட்டி எழுதிய கடிதம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி இசக்கி அக்கா ஏணியில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு காகிதம். பின்பக்கம் பசை காயவில்லை – சந்து முனையில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து எடுத்து வந்திருக்கிறார்.

"ஏட்டி, இங்கிலீசுல இருக்கு. என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு."

நான் வாசிக்க வேண்டியதே இல்லை. அதை எழுதியவளே நான்தான்.

தாராவியில் எங்கள் சந்தில் கீழே இருபத்திரண்டு வீடுகள். மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போகும் ஏழு அறைகள். எல்லாவற்றையும் இடித்துக் கட்டப்போகிறார்கள். யார் யாருக்கு வீடு என்று சர்வே நடக்கிறது. மாடிக்காரர்களையும் சேர்த்தால் நமக்கு வீடு கிடைக்கத் தாமதமாகும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உடனே கீழ்வீட்டுக்காரர்களின் கமிட்டி கூடியது. அவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று மனு கொடுத்து, அதன் நகலைச் சந்து முனையில் ஒட்டவும் முடிவானது.

"நம்ம புள்ள எம்.ஏ. படிச்சிருக்கு. பெறவு வக்கீல் எதுக்குவே?" என்றார் செயலாளர் முருகன் அண்ணாச்சி.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குப் பெருமை இருக்காதா? அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். மாடியில் இருப்பவர்கள் 'தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்கள்' என்று நானே யோசித்துச் சேர்த்தேன்.

இசக்கி அக்கா தற்காலிகமாகத்தான் தங்கியிருக்கிறார்... பத்தொன்பது வருடமாக!

நான் பத்தாவது படித்தபோது கீழே எங்கள் வீட்டில் ஆறு பேர், ஒரு டி.வி. அக்கா தன் தையல் மிஷினை மூடி, எனக்கு அதை மேசையாக்கித் தந்தார். நான் படித்து முடிக்கும்வரை ஏணிப்படியில் உட்கார்ந்து கையால் பட்டன் தைப்பார்.

கல்லூரியில் ஓர் இறையியலாளரைப் பற்றிப் படித்தோம். போன நூற்றாண்டுக்காரர். தனி மனிதனுக்கு மனசாட்சி உறுத்தும், அவனே கூட்டத்தில் சேர்ந்தால் சுயநலம் நியாயத்தின் குரலில் பேசும் என்பது அவர் சிந்தனை. நான் நல்லவன் என்கிற பெருமை இருக்கிறதே, அதுதான் ஆகப் பெரிய ஆபத்து என்றும் எச்சரித்தார். பரீட்சையில் எட்டுப் பக்கம் எழுதினேன். வகுப்பில் எனக்குத்தான் அதிக மார்க்.

பரீட்சை எழுதும்போது மனதில் இருந்தவை கட்சிகள், நாடுகள், கலவரங்கள். எங்கள் சந்து நினைவுக்கே வரவில்லை.

முருகன் அண்ணாச்சி, அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரத்தம் கொடுத்தவர். பிறகு அக்காவின் கணவர் இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர் என் அப்பா. அக்காவின் முகத்தைப் பார்த்து, "உனக்கு வீடு வேண்டாம்" என்று சொல்ல இவர்களில் யாருக்கு வாய் வரும்? ஆனால் கூட்டத்தில் இருபத்திரண்டு கைகளும் உயர்ந்தன.

வாசித்துச் சொன்னேன்.

"அப்போ எங்களுக்கு இல்லன்னு எழுதிட்டாவளா?"

"ஆமாக்கா."

"யாருட்டி எழுதுனது?"

"கமிட்டி" என்றேன்.

அக்கா காகிதத்தை நான்காக மடித்தார். "சரி, பதிலுக்கு நீ ஒண்ணு எழுதிக் குடு தாயி. உன்னய விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

எழுதத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஏணியில் ஏறிப் போய், இப்போது நான் எழுதிய இந்தப் பக்கத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இதன் கீழே, எழுதியவர் என்ற இடத்தில் கமிட்டியின் பெயர் இல்லை... என் பெயர்தான் இருக்கிறது.