பச்சை விளக்கு எரியாத கால்

ஸிந்துஜா நர்ஸிங் படிப்பில் சேர்ந்தபோது சின்ன காஞ்சிபுரம் சன்னதித் தெருவே மூக்கின்மேல் விரலை வைத்தது. பெருமாள் கோயிலில் தீர்த்தம் கொடுப்பவரின் மகள் ஊரார் புண்ணைத் துடைக்கப் போகிறாளாம்! அப்பா மட்டும், "படிக்கட்டும். ஆனா ஃபெயில் ஆனா அதோட நிறுத்திக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

2009இல், ஏனாத்தூர்ப் பக்கம் இருந்த அவளுடைய கல்லூரிக்கு சோதனை முயற்சியாக ஒரு கணினிக் கருவி வந்தது. ஹெல்மெட் போன்ற ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டால் கண்முன்னே ஒரு வார்டு விரியும். கட்டிலில் ஒரு நோயாளி, காலில் சர்க்கரைப் புண். "காலைத் தொடலாமா?" என்று கேட்டால் சம்மதம் என்று பச்சை விளக்கு எரியும். வாடை கிடையாது, வலி கிடையாது, ரொம்ப நல்ல கால். ஸிந்துஜா அதற்கு முப்பது தடவை கட்டுப் போட்டு வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

செய்முறைத் தேர்வு மட்டும் நிஜமான ஆஸ்பத்திரியில். தேர்வாளர் நீலாம்பாள் நோட்டும் கையுமாக நிற்க, கட்டிலில் கூரம் கிராமத்து விவசாயக் கூலி அப்பாதுரை உட்கார்ந்திருந்தார். அதே சர்க்கரைப் புண்தான். காஞ்சிபுரத்தில் எல்லோரும் எல்லோரையும் முதலில் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார்.

"நீ எந்தத் தெருமா?"

"சன்னதித் தெரு."

சொன்னதுதான் தாமதம், கால் போர்வைக்குள் போய்விட்டது.

"வாணாம்மா. கோயில் வூட்டுப் பொண்ணு என் காலத் தொடறதா? நாங்க எந்தத் தெருன்னு உனக்குத் தெரியாது. வேற யாரையாச்சும் அனுப்பு."

அப்பா வயதுக்காரர், செய்யாத தப்புக்குத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தன் தெருவை நினைத்து ஸிந்துஜாவுக்கு வெட்கமாக இருந்தது. நீலாம்பாள் கடிகாரத்தைப் பார்த்தார். மனப்பாடம் பண்ணிய வசனம் எதுவும் கைகொடுக்காததால், ஸிந்துஜா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னாள்.

"ஐயா, நீங்க காலக் குடுக்கலன்னா நான் ஃபெயில். அப்பா படிப்ப நிறுத்திடுவார்."

அப்பாதுரை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாமா சொல்ற? என் பொண்ணு பிளஸ் டூவுல ஃபெயிலாயிட்டு மூணு நாளு சோறு துன்னாம கெடந்துச்சு. அந்தக் கொடும உன் வூட்லயும் நடக்கணுமா?"

கால் வெளியே வந்தது.

கையுறையைத் தாண்டி அதன் சூடு தெரிந்தது. வாடையும் இருந்தது. முப்பது தடவை வேகமாகக் கட்டிய கை இப்போது மெதுவாகச் சுற்றியது. "வலிக்குதா ஐயா?" என்று மூன்று முறை கேட்டாள். கருவியிடம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கட்டி முடிக்க ஐந்து நிமிடம் கூடுதலாக ஆயிற்று. நீலாம்பாள் அதற்காக மார்க்கைக் குறைத்துவிட்டு, கீழே தேர்ச்சி என்று எழுதினார்.

மறுநாள் காலை கட்டு மாற்ற ஸ்டாஃப் நர்ஸ் தில்லையம்மாள் வந்தார். அப்பாதுரை காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இரும்மா. சன்னதித் தெரு பொண்ணு வந்துரட்டும்."